கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த குவார்ட்டர்பேக் என்.எஃப்.எல்லில் தாக்குப்பிடிப்பாரா?

கேள்வி இதுதான்: கல்லூரி ஆட்டங்களில் எதிரணிகளை ஓட ஓட விரட்டிய, வாயும் சற்று நீளமான ஓர் இளம் குவார்ட்டர்பேக் (ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை வாங்கி, வீசுவதா ஓடுவதா என்று முடிவெடுத்துத் தாக்குதலை நடத்துபவர்), தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்லுக்கு வந்த பிறகும் அந்த வெற்றியைத் தொடர முடியுமா? ஜானி மன்செல் இரண்டே பருவங்களில் காணாமல் போனதற்கும், அவரைப் போலவே திமிர் பிடித்தவர் என்று பெயரெடுத்த பேக்கர் மேஃபீல்ட் நிலைத்து நின்றதற்கும் என்ன காரணம்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய திமிரை வைத்து அவர் தேறுவாரா மாட்டாரா என்று கணிக்கவே முடியாது. அவருடைய கல்லூரி வெற்றி எவற்றால் ஆனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் ஒரு பகுதி ஆட்டக்காரரோடு கூடவே வரும், இன்னொரு பகுதி கல்லூரி மைதானத்தோடு நின்றுவிடும். திமிரால் ஆவது ஒன்று உண்டு: அவர் தடுமாறும் காலத்தில் அணி நிர்வாகமும் சக ஆட்டக்காரர்களும் எவ்வளவு பொறுத்துக்கொள்வார்கள் என்ற கெடுவை அது குறைத்துவிடும். மன்செல், மேஃபீல்ட் இருவரையும் வைத்தே இதைப் பார்க்கலாம், ஏனென்றால் இருவரும் டெக்சஸ்காரர்கள், இருவரும் கல்லூரியின் மிக உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்றவர்கள், என்.எஃப்.எல் அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் இருவரையும் முதல் சுற்றில் எடுத்தது கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் என்ற ஒரே அணி.

மன்செல் கெர்வில் என்ற சிறு நகரத்தில் பள்ளி ஆட்டம் ஆடியவர். 2012இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், நாட்டிலேயே கடினமானது என்று பேர்பெற்ற எஸ்.இ.சி. பிரிவில் முதன்முறையாக ஆட வந்தபோது, அதுவரை ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆடியிராத அவர் கையில் அணி கொடுக்கப்பட்டது. அந்தப் பருவத்தில் பந்தை வீசி 3,706 யார்டும் (ஒரு யார்டு மூன்று அடி), தானே ஓடி 1,410 யார்டும் எடுத்தார். எதிரணியின் கோல் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச்டவுன்களில் 26ஐ வீசியும் 21ஐ ஓடியும் பெற்றார். முதலாண்டு ஆட்டக்காரர் ஒருவர் ஹைஸ்மன் கோப்பையை வென்றது அதுவே முதல் தடவை. பருவத்தின் கடைசி ஆட்டமான காட்டன் பவுலில் ஒக்லஹோமா அணிக்கு எதிராக வீச்சும் ஓட்டமுமாகத் தனியாளாக 516 யார்டு எடுத்து, 41க்கு 13 என்று அந்த அணியை உட்கார வைத்தார்.

ஆனால் அவரை எல்லோர் மனத்திலும் பதிய வைத்தது 2012 நவம்பர் 10ஆம் தேதி அலபாமாவின் சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டம். தரவரிசையில் முதலிடத்தில் இருந்த, முந்தைய ஆண்டின் பட்டத்தை வைத்திருந்த, அந்த ஆண்டும் பட்டத்தை வெல்லவிருந்த அணியை ஏ அண்ட் எம் 29க்கு 24 என்று வென்றது. அதில் ஒரு டச்டவுனை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். கோல் கோட்டிலிருந்து பத்து யார்டு தூரத்தில் பந்தை வாங்கிய மன்செல், முன்னால் ஓடப் பார்த்துத் தன் அணியின் முன்வரிசைக்காரர் ஒருவர் முதுகிலேயே மோதுகிறார். மோதிய வேகத்தில் பந்து கையை விட்டு மேலே எழும்புகிறது. அதை அப்படியே அந்தரத்தில் பிடித்து, திரும்பி, இடப்பக்கம் ஆளில்லாத வெளியில் ஓடி, கோல் பகுதியில் தனியாக நின்ற ரயன் ஸ்வோப் கையில் பந்தைச் சேர்க்கிறார். அரங்கமே வாயடைத்துப் போனது. 'ஜானி ஃபுட்பால்' என்ற பட்டப்பெயர் நாடு முழுவதும் பரவ அந்த ஆட்டமே போதுமானதாக இருந்தது.

இந்தக் காட்சியில் கண்ணுக்கு முதலில் தெரிவது மன்செலின் துணிச்சலும் கைச்சாமர்த்தியமும்தான். அவர் தடுமாறி மீண்ட அந்த வினாடிகளில் எதிரணிக்காரர் ஒருவர்கூட அவரை நெருங்கித் தொடவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏ அண்ட் எம் முன்வரிசையில் ஆடிய லூக் ஜோக்கல் 2013இல் என்.எஃப்.எல்லின் இரண்டாவது தேர்வாகப் போனார். ஜேக் மாத்யூஸ் 2014இல் ஆறாவது தேர்வு. செட்ரிக் ஒக்புவேஹி 2015இல் 21ஆவது தேர்வு. பந்தைப் பிடிக்கும் பக்கத்தில் இருந்த மைக் எவன்ஸ் 2014இல் ஏழாவது தேர்வாகி, பிறகு தன் தலைமுறையின் தலைசிறந்த ரிசீவர்களில் ஒருவரானார். அதாவது, எதிரணியை விட வலுவான சுவர் முன்னால் நிற்க, எங்கே வீசினாலும் எம்பிப் பிடிக்கும் ஓர் ஆள் தூரத்தில் இருக்க, மன்செல் தன் மனம்போன போக்கில் ஓடி ஆடினார். அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சுவர் அவரோடு கிளீவ்லண்டுக்கு வரவில்லை என்பதுதான் செய்தி.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு ஆட்டங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் முன்வரிசைக்காரர்கள் அவரைச் சுற்றி ஒரு தற்காலிக அரண் கட்டுகிறார்கள். அதற்குப் பாக்கெட் என்று பெயர். தொழில்முறை ஆட்டத்தில் அந்த அரண் ஏறத்தாழ இரண்டரை வினாடிதான் நிற்கும் என்று வைத்துக்கொண்டே எல்லாத் திட்டமும் போடப்படுகிறது. அதற்குள் குவார்ட்டர்பேக் எதிரணியின் பின்வரிசை எப்படி நகர்கிறது என்று படித்து, பந்தைப் பிடிக்க வேண்டிய முதல் ஆளை எதிரணி மறித்திருந்தால் இரண்டாவது ஆளையும், அவரும் இல்லையென்றால் மூன்றாவது ஆளையும் பார்த்து, ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை அவர் வரப்போகும் இடத்துக்கு வீசியிருக்க வேண்டும். கல்லூரியில் பெரிய அணியின் குவார்ட்டர்பேக்குக்கு இந்தக் கட்டாயம் பல வாரங்களில் வருவதே இல்லை. முதல் ஆளே ஐந்து யார்டு இடைவெளியில் தனியாக நிற்பார். நிற்காவிட்டால் ஓடி வெளியே வந்து இன்னொரு நான்கு வினாடி சம்பாதித்துக்கொள்ளலாம்.

மைதானமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் உட்கோடுகள் கல்லூரி மைதானத்தில் 40 அடி இடைவெளியில் இருக்கின்றன, என்.எஃப்.எல்லில் 18 அடி 6 அங்குலம் மட்டுமே. கல்லூரியில் பந்து ஒரு பக்கக் கோட்டருகே வைக்கப்பட்டால் எதிர்ப்பக்கத்தில் பெரும் வெளி திறந்துகிடக்கும். கால் வேகமுள்ள குவார்ட்டர்பேக் அந்த வெளியைத் தன் சொத்தாக நினைத்து ஓடலாம். என்.எஃப்.எல்லில் பந்து எப்போதும் நடுவை ஒட்டியே தொடங்குவதால் அப்படிப்பட்ட வெளி கிடைப்பது அரிது. அதோடு, துரத்தி வருகிறவர் 120 கிலோ எடை இருந்தாலும் இவருக்குச் சமமாக ஓடக்கூடியவர். ஓரத்தில் இருந்து வரும் வீரர்கள் அவசரப்பட்டு உள்ளே பாயாமல் வேலியைப் போல அகலமாக நின்று, குவார்ட்டர்பேக்கை அரணுக்குள்ளேயே பூட்டிவைக்கும் பயிற்சி பெற்றவர்கள்.

வேறுபாடுகளில் மூன்றாவது பாடச்சுமை. மன்செலும் மேஃபீல்டும் கல்லூரியில் பயின்ற 'ஏர் ரெய்டு' என்ற தாக்குதல் முறை, சில ஆட்ட வடிவங்களையே திரும்பத் திரும்பப் பழகி, ஓரத்தில் இருந்து காட்டும் கைச்சைகையைப் பார்த்து வேகமாக ஆடுவது. என்.எஃப்.எல்லில் பயிற்சியாளர் ஹெல்மெட் ஒலிபெருக்கி வழியாக ஒரு முழு வாக்கிய நீளத்துக்குக் குறிச்சொற்களை அடுக்கிச் சொல்வார். அடுத்த முயற்சியைத் தொடங்கத் தரப்படும் நேரத்தில் 15 வினாடி மீதம் இருக்கும்போது அந்தத் தொடர்பு துண்டிக்கப்படும். அதற்குள் குவார்ட்டர்பேக் அதை அப்படியே மற்ற பத்துப் பேருக்கும் சொல்லி, கோட்டருகே வந்து எதிரணியின் நிலையைப் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றவும் வேண்டும். இது ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் வருவதற்குச் செவ்வாய், புதன் கிழமைகளில் பாடம் படித்திருக்க வேண்டும், வேறு வழியே இல்லை.

மன்செல் 2014 மே மாதம் 22ஆவது தேர்வாகக் கிளீவ்லண்டுக்கு வந்தார். மேடைக்கு வரும்போதே விரல்களைத் தேய்த்துப் பணம் எண்ணுவது போன்ற தன் வழக்கமான சைகையைக் காட்டினார். ஆகஸ்டில் ஒரு முன்னோட்ட ஆட்டத்தின்போது வாஷிங்டன் அணியினர் சீண்டினார்கள் என்பதற்காக அவர்களை நோக்கி நடுவிரலைக் காட்டி 12,000 டாலர் அபராதம் கட்டினார். பிரையன் ஹோயர் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்து, ஒரு கட்டத்தில் அணி ஏழு வெற்றி, நான்கு தோல்வி என்று நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்ற பிறகு டிசம்பர் 14ஆம் தேதி, சொந்த மைதானத்தில், சின்சினாட்டிக்கு எதிராக மன்செல் முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்கினார்.

அன்று நடந்தது ஒரு பாடம். சின்சினாட்டி வீரர்கள் அவரைப் பிடிக்க ஓடவில்லை. அவரை வெளியே ஓட விடாமல் நின்றார்கள். அரணுக்குள் அடைபட்டவர் 18 முறை வீசி 10 முறைதான் சேர்த்தார். எடுத்தது 80 யார்டு. இரண்டு பந்துகள் எதிரணி கையில் போயின. ஓடி எடுத்ததும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. முடிவு 30க்குப் பூச்சியம். அவருடைய பணச் சைகையைச் சின்சினாட்டிக்காரர்கள் அவர் கண்ணெதிரிலேயே செய்து காட்டிச் சிரித்தார்கள். அலபாமாவில் அவரைக் காப்பாற்றிய அதே உள்ளுணர்வு, முதல் ஆள் கிடைக்காவிட்டால் உடனே ஓடு என்ற உள்ளுணர்வு, இங்கே அவரை நேராக எதிரிகளின் கைக்குள் கொண்டுபோய் விட்டது.

அடுத்த ஆண்டு சில நல்ல ஆட்டங்கள் இருந்தன. டென்னசியை 28க்கு 14 என்று வென்றபோது நீண்ட வீச்சுகளில் டச்டவுன்கள் எடுத்து நம்பிக்கை ஊட்டினார். ஆனால் 2016 மார்ச்சில் அணி அவரை விடுவித்தபோது மொத்தக் கணக்கு எட்டு ஆட்டங்களைத் தொடங்கியதில் இரண்டு வெற்றி, ஆறு தோல்வி. ஏழு டச்டவுன் வீச்சுகள், எதிரணிக்குப் போனவையும் ஏழு. பல ஆண்டுகள் கழித்து, 2023இல் வெளியான ஓர் ஆவணப்படத்தில், கிளீவ்லண்டில் இருந்த காலத்தில் எதிரணிகளின் ஆட்டப் பதிவுகளைத் தான் பார்க்கவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அணி கொடுத்த ஐபேடில் பதிவான நேரம் பூச்சியம் என்ற தகவலும் அதில் வந்தது. என்னைக் கேட்டால், அவருடைய கதையில் விரல் சைகைகளை எல்லாம் விட முக்கியமான ஒரே தகவல் இதுதான்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மன்செலின் குடிப்பழக்கமும் சிகிச்சையும், 2016இல் அவர் மீது வந்த குடும்ப வன்முறைக் குற்றச்சாட்டும், பிற்பாடு தனக்கு இருமுனைக் கோளாறு இருப்பது கண்டறியப்பட்டதாக அவர் வெளிப்படையாகச் சொன்னதும் வெறும் 'திமிர்' என்ற சொல்லுக்குள் அடங்குபவை அல்ல. அவற்றை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, ஆணவத்தால் அழிந்தான் என்று கதை முடிப்பது எளிது. ஆனால் நோயும் ஒழுங்கின்மையும் கொண்டாட்டச் சைகையும் வெவ்வேறு சங்கதிகள். கல்லூரிக் காலத்தில் அவர் மீது எழுந்த பெரிய புகாரான, கையெழுத்துகளுக்குப் பணம் வாங்கினார் என்பதற்கு அன்று ரைஸ் அணிக்கு எதிராக அரை ஆட்டம் உட்கார வைத்தார்கள். 2021க்குப் பிறகான விதிகளில் மாணவர் தன் பெயரை வைத்துச் சம்பாதிப்பது குற்றமே இல்லை.

திமிர் தானாக யாரையும் அழிப்பதில்லை என்பதற்கு இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே பெரிய சாட்சி ஜோ நேமத். அலபாமாவில் ஆடி, 1965இல் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு 4,27,000 டாலர் என்ற, அன்றைக்கு யாரும் கேட்டிராத தொகைக்கு வந்தவர். 1969 ஜனவரியில், ஜெட்ஸ் 18 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்த மூன்றாவது சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, வெற்றிக்கு நான் உத்தரவாதம் என்று மயாமியில் ஒரு விருந்தில் அறிவித்தார். ஜெட்ஸ் 16க்கு 7 என்று பால்டிமோர் கோல்ட்ஸை வென்றது. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்த அறிவிப்பை. எனக்கு அதைவிடச் சுவையானது அவர் ஆடிய விதம். நேமத் அன்று ஒரு டச்டவுனும் வீசவில்லை. கடைசிக் கால்பகுதியில் ஒரு தடவைகூடப் பந்தை வீசவே இல்லை. மாட் ஸ்னெல் கையில் பந்தைக் கொடுத்து 121 யார்டு ஓடவிட்டுப் பொறுமையாக நேரத்தைக் கரைத்தார். அந்த வாரம் பால்டிமோரின் ஆட்டப் பதிவுகளை இன்னும் பார்த்தால் எங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று அணியின் பீட் லாமன்ஸ் பயிற்சியாளரிடம் சொன்னது பிரசித்தம். அந்த அணியின் வாய்ச்சவடால் ஆட்டப் பதிவுகளைப் பார்த்துப் பிறந்தது. மன்செலுடையது அவற்றைப் பார்க்காமல் வந்தது.

ரயன் லீஃப் இதற்கு எதிர்க்கோடி. 1998இல் பெய்டன் மானிங்கா லீஃபா என்று நாடே விவாதித்து, மானிங் முதல் தேர்வாகவும் லீஃப் இரண்டாவது தேர்வாகவும் போனார்கள். சான் டியேகோ அணிக்காகத் தன் மூன்றாவது ஆட்டத்தில் கேன்சஸ் சிட்டிக்கு எதிராக லீஃப் 15 முறை வீசி ஒரே முறை சேர்த்தார், அதுவும் நான்கு யார்டு. மறுநாள் உடைமாற்றும் அறையில் நிருபர் ஒருவர் மீது கத்தினார், அது தொலைக்காட்சியில் ஓடியது. ஆனால் அதே ஆண்டு மானிங் 28 பந்துகளை எதிரணிக்குக் கொடுத்தார், அவர் அணி மூன்று ஆட்டங்கள்தான் வென்றது. முதலாண்டுத் தோல்வி இருவரையும் பிரிக்கவில்லை. அடுத்த ஆண்டு மானிங்கின் அணி 13 ஆட்டங்களை வென்றது. லீஃப் காயத்தால் அந்தப் பருவம் முழுவதும் வெளியே இருந்தார், திரும்பி வந்தபோது அறைக்குள் அவருக்காகப் பரிந்து பேச ஆள் இல்லை.

இனி மேஃபீல்ட். 2013இல் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாமல், அழைப்பும் இல்லாமல், தானாகப் போய் அணியில் சேர்ந்தவர். அங்கே பயிற்சியாளர் கிளிஃப் கிங்ஸ்பரி. முந்தைய ஆண்டு ஏ அண்ட் எம்மில் மன்செலின் தாக்குதல் பிரிவை நடத்தியவர் அவரே. பிறகு மேஃபீல்ட் ஒக்லஹோமாவுக்குப் போய் அங்கும் உதவித்தொகை இல்லாமலே தொடங்கினார். 2017இல் 4,627 யார்டு, 43 டச்டவுன் வீச்சுகள், எதிரணிக்குப் போனவை வெறும் ஆறு. வீசியதில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் சேர்ந்தன. திமிருக்கும் குறைவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒஹாயோ ஸ்டேட்டை அவர்கள் மைதானத்திலேயே 31க்கு 16 என்று வென்றுவிட்டு ஒக்லஹோமாவின் கொடியை நடு மைதானத்தில் ஊன்றினார். நவம்பரில் கேன்சஸ் அணியினரைப் பார்த்து ஆபாசச் சைகை செய்து, அடுத்த ஆட்டத்தில் தலைவர் பொறுப்பையும் தொடக்க இடத்தையும் இழந்தார். இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டார்.

2018இல் அவரை முதல் தேர்வாக எடுத்த கிளீவ்லண்ட், முந்தைய பருவத்தில் 16 ஆட்டங்களிலும் தோற்ற அணி. மன்செலை எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட ஊர் அது; உயரம் குறைவு, ஏர் ரெய்டு, டெக்சஸ், வாய் என்று எல்லா அடையாளமும் பொருந்தியதால் இன்னொரு மன்செல் என்று பேச்சு கிளம்பியது. அந்த ஒப்புமை தவறு என்பதைக் கண்டுபிடிக்க அவருடைய கல்லூரிப் பதிவுகளே போதுமானவை. மேஃபீல்டின் எண்கள் ஓடிப் பெற்றவை அல்ல. அரணுக்குள் நின்று, முதல் ஆளைப் பார்த்து, இரண்டாவது ஆளுக்குத் திரும்பி, அவர் வயிற்றுக்கு நேரே பந்தைச் சேர்ப்பதில் வந்தவை. மன்செல் கல்லூரியில் ஆடியது இரண்டே பருவங்கள், 26 ஆட்டங்கள். மேஃபீல்ட் ஒக்லஹோமாவில் மட்டும் மூன்று பருவங்கள் முழுமையாக ஆடியிருந்தார். அந்தத் திறமை அவரோடு கூடவே வந்தது. முதல் பருவத்திலேயே 27 டச்டவுன்கள் வீசிப் புதியவர்களுக்கான அன்றைய சாதனையை முறியடித்தார். 2020 பருவத்தில் அணியை 11 வெற்றிகளுக்கு இட்டுச் சென்று, பிட்ஸ்பர்க்கை அதன் மைதானத்திலேயே 48க்கு 37 என்று வீழ்த்தினார். பருவ முடிவில் நடக்கும், தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் சுற்றுகளில், 1994 பருவத்துக்குப் பிறகு கிளீவ்லண்ட் வென்ற முதல் ஆட்டம் அது.

ஆனாலும் அவர் கதை நேர்கோடு அல்ல, திமிரின் விலையை நான் சொன்னது இங்கேதான் தெரிகிறது. 2021இல் இடது தோள் மூட்டு கிழிந்த நிலையில் ஆடிப் பருவம் கெட்டது. அணிக்கு இனி ஒரு பக்குவப்பட்ட ஆள் வேண்டும் என்று நிர்வாகம் நினைப்பதாகச் செய்தி கசிந்தது. அமைதியான சுபாவம் கொண்ட ஒருவர் காயத்தோடு ஆடியிருந்தால் தியாகி என்று புகழ்ந்திருப்பார்கள். இவருக்குக் கிடைத்தது வெளியேற்றம். அவருக்குப் பதிலாக டெஷான் வாட்சனை முழு உத்தரவாதத்தோடு 23 கோடி டாலருக்கு எடுத்தது கிளீவ்லண்ட். அந்த முடிவைப் பற்றி அந்த ஊர்க்காரர்களிடம் கேட்காமல் இருப்பது நல்லது.

2022இல் கரோலைனாவில் தடுமாறி, டிசம்பர் தொடக்கத்தில் அங்கிருந்தும் விடுவிக்கப்பட்டார். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. செவ்வாய் இரவு ஊருக்கு வந்து இறங்கியவர் வியாழன் இரவு லாஸ் வேகஸ் ரெய்டர்ஸுக்கு எதிராகக் களத்தில் நின்றார். கடைசி இரண்டு நிமிடத்துக்குள், தன் கோல் கோட்டிலிருந்து இரண்டு யார்டில் தொடங்கி, இடைநிறுத்த வாய்ப்பு ஒன்றுகூட இல்லாமல், 98 யார்டைக் கடந்து, சில வினாடிகளே இருக்கும்போது வான் ஜெஃபர்சனுக்கு டச்டவுன் வீசி 17க்கு 16 என்று வென்றார். எதிரணியின் தவறுகளும் அபராதங்களும் அவருக்குக் கைகொடுத்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு நாளில் ஒரு புதிய அணியின் குறிச்சொற்களை மனப்பாடம் செய்து பத்துப் பேரை வழிநடத்துவது ஓடும் காலால் ஆகிற காரியம் அல்ல. இரண்டு இரவும் உட்கார்ந்து படித்தவரால்தான் அது முடியும். அடுத்த ஆண்டு டாம்பா பே ஓராண்டு ஒப்பந்தத்தில், நாற்பது லட்சம் டாலரை ஒட்டிய உறுதித் தொகைக்கு அவரை எடுத்தது. 4,044 யார்டு எடுத்து, பிலடெல்பியாவை 32க்கு 9 என்று பிளேஆஃபில் வென்று, 2024இல் மூன்றாண்டுக்குப் பத்துக் கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். அந்தப் பருவத்தில் 41 டச்டவுன்கள் வீசினார். அவற்றைப் பிடித்தவர்களில் முதன்மையானவர், மன்செலின் பழைய கல்லூரித் தோழரான அதே மைக் எவன்ஸ்.

அணியின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. 2021இல் முதல் சுற்றில் எடுக்கப்பட்ட ஐந்து குவார்ட்டர்பேக்குகளில் டிரெவர் லாரன்ஸ் தவிர மற்ற நால்வரையும், ஸாக் வில்சன், டிரே லான்ஸ், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், மாக் ஜோன்ஸ் ஆகியோரை, எடுத்த அணிகளே 2024 கோடைக்கு முன்பு கைகழுவிவிட்டன. அவர்களில் யாரும் மன்செல் போலத் திமிருக்குப் பேர்போனவர் அல்லர். அடக்கமானவர்களும் இதே வேகத்தில் தோற்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் கதை சொல்வதில்லை, அவ்வளவுதான். ஹைஸ்மன் வென்ற குவார்ட்டர்பேக்குகளில் தொடக்க ஆட்டக்காரராக சூப்பர் பவுல் வென்றவர்கள் என்று ரோஜர் ஸ்டாபாக், ஜிம் பிளங்கெட் இருவரைத்தான் சொல்ல முடிகிறது, பிளங்கெட்டின் கடைசி வெற்றி 1984 ஜனவரியில். கேம் நியூட்டனும் ஜோ பர்ரோவும் அந்த இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள்.

மறுபக்கம், இடைவெளி முன்பைவிடக் குறைந்திருக்கிறது. 2011இல் நியூட்டன் வந்தபோது கரோலைனா அவருடைய கல்லூரி ஆட்ட வடிவங்களையே தன் ஆட்டத்திட்டப் புத்தகத்தில் எழுதிக்கொண்டது. அவர் முதல் ஆட்டத்திலேயே 422 யார்டு வீசினார், 2015இல் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். ஏர் ரெய்டு கிங்ஸ்பரியே 2019இல் அரிசோனாவின் தலைமைப் பயிற்சியாளராக ஆனார். கல்லூரி விட்டுக் கல்லூரி மாறும் விதிகள் தளர்ந்ததால் இளைஞர்கள் கல்லூரியிலேயே ஐந்தாண்டு ஆடி முதிர்ந்து வருகிறார்கள். 2024இல் வந்த ஜேடன் டேனியல்ஸ் அதற்குள் 55 கல்லூரி ஆட்டங்களைத் தொடங்கியிருந்தார். மன்செல் இன்று வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தோதான இடத்தில் விழுந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆட்டப் பதிவுகளைப் பார்க்காதவருக்கு அதுவும் போதாது.

ஆகவே அடுத்து ஒரு துடுக்கான பையன் வரும்போது அவர் பேட்டியைப் பார்க்காதீர்கள். பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில் இன்னும் ஏழு யார்டுக்கு மேல் தேவைப்படும் தருணங்களை மட்டும், அதுவும் வலுவான எதிரணிகளோடு ஆடியவற்றை, தொகுத்துப் பாருங்கள். முதல் ஆள் மூடப்பட்டால் அவர் கண் அடுத்த ஆளுக்குப் போகிறதா, கால் வெளியே போகிறதா? பந்தை வீசுவதற்கு முன்பே எத்தனை முறை வீழ்த்தப்படுகிறார்? என் கணிப்பில், கல்லூரியிலிருந்து அப்படியே கூட வரும் பழக்கங்களில் முக்கியமானது இந்தக் கடைசி ஒன்றுதான். பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்பவர் அங்கும் நிற்பார், இங்கும் நிற்பார். 2025இல் ஷெடூர் சாண்டர்ஸ் முதல் சுற்றில் போவார் என்று பலர் எதிர்பார்த்திருக்க, 144ஆவது தேர்வாக, மறுபடியும் அதே கிளீவ்லண்டுக்குப் போனபோது, அவருடைய நகையும் பேச்சும் தந்தை டியோன் சாண்டர்ஸின் நிழலும்தான் காரணம் என்று எழுதினார்கள். அவையும் ஓரளவு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் கொலராடோவில் அவர் ஆடிய இரண்டு பருவங்களில் 90 முறைக்கு மேல் பந்தோடு வீழ்த்தப்பட்டிருந்தார். முன்வரிசை பலவீனமாக இருந்தது உண்மை. அவர் அதிக நேரம் பந்தைப் பிடித்திருந்ததும் உண்மை. இரண்டில் எது எவ்வளவு என்று ஒவ்வொரு பதிவாகப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் அணிகள் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கின்றன.